சிக்னல் நுழையாத பை

வராந்தா ஜன்னல் விளிம்பில் ஒரு போன் கிடந்தது. மழைச் சாரல் அதை நனைக்கத் தொடங்கியதும் பூவிழிக்கு மனசு கேட்கவில்லை.

"யாரோடதுங்க இது?"

யாரும் திரும்பவில்லை. டீ வரிசையில் நின்றவர்களுக்கு டீதான் உலகம்.

தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் இரண்டு நாள் கருத்தரங்கு. கணினிப் பாதுகாப்பு, டிஜிட்டல் தடயவியல். எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்தவர்கள் இருநூறு பேர்... அங்கே போய் ஒரு போனை அநாதையாக விடுவார்களா? எவனோ மகா அசட்டை!

பூவிழிக்குத் திருச்சியில் தடயவியல் ஆய்வகத்தில் வேலை. நான்கு வருடப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. கிடைத்த போனில் இருப்பதைத் தூரத்திலிருந்து யாரும் அழித்துவிடக் கூடாது. எந்த சிக்னலும் நுழையாத வெள்ளி நிறப் பையில் போட்டு மூட வேண்டும். துப்பட்டாவால் துடைத்தாள், மேடையில் காட்டக் கொண்டுவந்திருந்த பையில் போட்டாள், மூடினாள். நோட்டில் நேரமும் எழுதிக்கொண்டாள்.

மேடையேறியதும் அறிவித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அது அவளுடைய முதல் மேடை. அத்தனை கண்களைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

முக்கால் மணி நேரம் பேசிய பிறகு பையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்குள்ள போனைப் போட்டா யார் கூப்பிட்டாலும் போகாது..." சொல்லும்போதே சுரீரென்றது. "ஐயோ! வராந்தாவுல கிடந்துச்சுங்க... யாரோட போன் இது?"

கடைசிக் கதவருகே தொப்பலாக நனைந்து நின்ற ஒருவன் ஓடி வந்தான். கழுத்து அட்டையில் வெற்றிசெல்வன் என்றிருந்தது. எவ்வளவு பெரிய கண்கள்... அவற்றில் இவ்வளவு கோபமா?

"வராந்தாவுல இருந்தவங்க போனையெல்லாம் வாங்கி என் நம்பருக்குக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். இங்க நீங்க பையில போட்டு மூடிட்டுப் பாடம் நடத்துறீங்களா?"

"மழையில போட்டுட்டுப் போனது நீங்கதானே?" பூவிழியும் விடவில்லை.

"அந்த ஜன்னல்லதாங்க சிக்னல் நல்லா இருந்துச்சு. ஒரு டீ வாங்கப் போனேன்." அவன் பையை நோக்கிக் கை நீட்டினான். "எங்கப்பா கடல்ல இருக்காருங்க. காத்து பலமா இருக்கு, எல்லாப் போட்டும் வந்துருச்சு, அவர் போட்டு மட்டும் வரல. வந்தா தங்கச்சி கூப்பிடறேன்னா... அவ நம்பரும் அந்தப் போன்லதாங்க இருக்கு."

பூவிழி சட்டென்று பையைத் திறந்தாள். வெளியே வந்த கையோடு போன் அடித்தது. எடுத்த பதற்றத்தில் அவன் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"அண்ணே! எங்க போய்த் தொலைஞ்ச? அப்பா வந்துட்டாரு. அப்பவே கரைக்கு வந்துட்டாரு!"

மேடை மைக் அந்தக் குரலை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. எல்லாரும் கைதட்டினார்கள். அவன் மட்டும் மேடைப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். பிறகு எழுந்து, அவள் பக்கம் திரும்பாமலே போய்விட்டான்.

'நனையாமல் காப்பாற்றியதற்கு ஒரு நன்றியாவது சொன்னானா?' என்றது ஒரு மனசு. 'நீ ஒரு மன்னிப்பாவது கேட்டாயா?' என்றது இன்னொன்று. அன்று முழுக்க இரண்டும் சண்டை போட்டன. அவன் ஊருக்கே கிளம்பிவிட்டானாம், மறுபடி கண்ணில் படவே இல்லை. இனி எங்கே பார்க்கப் போகிறோம்... என்று நினைத்தபோது ஏன் அழுகை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் ஊரான நீடாமங்கலத்தில், மழையோடு மழையாக, தஞ்சாவூர் போகும் நாகப்பட்டினம் பாசஞ்சர் வந்து நின்றது. ஏறி, குடையை மடக்கி நிமிர்ந்தாள்.

எதிர் ஜன்னலில்... அதே கண்கள்!

"நீங்களா?"

"நீடாமங்கலமா நீங்க?" அவனுக்கும் வியப்பு. "அப்பாவைப் பாக்க ஊருக்குப் போயிருந்தேன்."

அடுத்த ஸ்டேஷன் கோவில்வெண்ணி வரும்வரை இருவரும் சம்பா வயலில் தேங்கிய தண்ணீரையே பார்த்தார்கள். அப்படி என்னதான் இருந்ததோ அந்தத் தண்ணீரில்!

"நேத்து..." இருவரும் ஒன்றாகத் தொடங்கினார்கள்.

"மொதல்ல நான்," என்றாள் பூவிழி. "மேடை ஏறுன உடனே சொல்லியிருக்கணும். பயத்துல மறந்துட்டேன். உங்களை அவ்வளவு நேரம் தவிக்க விட்டுட்டேன்... மன்னிச்சிடுங்க."

"நான்தாங்க மன்னிப்பு கேக்கணும். நனையாம எடுத்து வச்ச பொண்ணையாடா திட்டுனன்னு அப்பா என்னை ஒரு பிடி பிடிச்சிட்டாரு." சிரித்தான். சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கிறதே... "அந்தப் பை இருக்கா?"

எடுத்துக் கொடுத்தாள். அவன் தன் போனை உள்ளே போட்டு மூடினான்.

"ஐயோ, வீட்டுலேருந்து கூப்பிட்டா?"

"அப்பா கரையிலதான் இருக்காரு. தஞ்சாவூர் வர்ற வரைக்கும் நான் வேற யாருக்கும் கிடைக்க வேணாம்." காது மடல் சிவந்தது அவனுக்கு. "இன்னைக்குக் கருத்தரங்குல பேசுற எதுவும் எனக்கு வேண்டியதில்லங்க. நீங்க இருப்பீங்கன்னுதான் வர்றேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

மழை ஜன்னல் வழியே அவள் கன்னத்தில் தெறித்தது. துடைக்கத் தோன்றவில்லை. பையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஒரு பையில ஒரு போன்தான் வைக்கணும்ங்க. ரெண்டு வைக்கவே கூடாது. நாலு வருஷத்துல ஒரு தடவைகூட நான் அதை மீறுனதில்ல."

அவன் முகம் வாடியது.

பூவிழி பையைத் திறந்தாள். தன் போனையும் உள்ளே போட்டாள்... அழுத்தி மூடினாள்.

"எனக்கும்தான்," என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.