ஐந்தாவது முடிச்சு

பிற்பகல் இரண்டு மணிக்கு ஷாலினி பழைய பிரசவ வார்டின் பூட்டைத் திறந்தாள். மல்லூரைத் தாண்டியிருக்கும் அந்த மருத்துவக் கல்லூரியில், சிறுதுளை அறுவை சிகிச்சை பழகுகிறவர்களுக்கு இப்போது அதுதான் பயிற்சி அறை. ஈ காக்கை அண்டாது. ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். பினாயில் வாடை, ஒரு டிவி, மேசைமேல் வயிற்றுக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி.

பெட்டியில் மூன்று துளைகள். இரண்டில் கருவிகள், நடுவில் கேமராக் குழல். ஆபரேஷன் தியேட்டரில் கேமராவை ஒருவர் பிடித்துக்கொள்வார். இங்கே இரும்பு ஸ்டாண்டில் வைத்துத் திருகி இறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

முன்பு அவளுக்குக் கேமரா பிடிக்க ஓர் ஆள் இருந்தான். ராசிபுரத்து ஈஸ்வர், உடன் படித்தவன். தை பிறந்ததும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். அவன் கேமரா பிடித்தால் படம் எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் சாயும். அவள் திட்டித் தீர்ப்பாள். "ஏனுங்க டாக்டரம்மா, படம் சாஞ்சா பேஷண்டு உருண்டுருவாருங்களா?" என்பான். ஐப்பசியில் ஒரு காலை, இரண்டு நாள் தூங்காமல் டியூட்டி பார்த்த களைப்போடு பைக்கில் ஊருக்குக் கிளம்பியவன், பைபாஸை உயிரோடு தாண்டவில்லை.

அன்றிலிருந்து அவள் கை நடுங்கியது. தியேட்டரில் ஊசியைத் தவறவிட்டாள். பேராசிரியர் குருமூர்த்தி கோபிக்கவில்லை. "அந்தப் பெட்டியில ஒரே மூச்சுல அஞ்சு முடிச்சுப் போட்டுக் காட்டு சாமி. மார்கழி முடியறதுக்குள்ள ஆகலீன்னா, உனக்கு ஆபரேஷன் வேல வேண்டாம்," என்றார்.

முதல் முடிச்சிலேயே நூல் திரையின் ஓரத்துக்கு ஓடி மறைந்தது. ஸ்டாண்டைத் திருப்ப எழுந்தாள்.

படம் தானாக நகர்ந்து, நூலை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது.

திருகைத் தொட்டுப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

திரையில் படம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

கேமரா பிடிப்பவர் மூச்சுவிடும்போது படமும் லேசாக ஏறி இறங்கும். இப்போதும் ஏறி இறங்கியது.

அவள் கதவைப் பார்த்தாள். ஓடியிருக்க வேண்டும். "நீயா?" என்றாள்.

படம் ஊசிமுனைக்கு அருகே போய் நின்றது. அவன் அப்படித்தான், கேட்பதற்கு முன்பே காட்டுவான்.

கை நடுங்கவில்லை. நான்கு முடிச்சுகள் கச்சிதமாக விழுந்தன. ஐந்தாவதையும் போட்டுவிட்டால் நாளை இந்த அறைக்கு வர அவளுக்குக் காரணம் கிடையாது. வேண்டுமென்றே நூலைத் தளரவிட்டாள்.

அடுத்த பன்னிரண்டு நாளும் இதே கதைதான்.

"இன்னைக்கும் நாலுதானா?" என்பார் குருமூர்த்தி.

"நாளைக்குப் போட்டுருவேனுங்க சார்."

மார்கழியின் கடைசி நாளும் வந்தது. அன்றும் ஐந்தாவதைத் தளரவிட்டுக் கருவியை விலக்கினாள். படம் அதைத் தொடர்ந்து வரவில்லை. அந்த அரைகுறை முடிச்சிலேயே நின்றது.

"வேண்டாம் ஈஸ்வர்," என்று கிசுகிசுத்தாள். "இதப் போட்டுட்டா உன்ன எங்க வந்து பாப்பேன்?"

படம் இன்னும் நெருங்கியது. திரை முழுக்க அந்த முடிச்சு.

அப்போதுதான் கவனித்தாள். படம் நடுங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கேமரா தாங்கி வலியெடுத்த கையின் நடுக்கம் அது. பாவி, தன் ஆசைக்காக அவனை இத்தனை நாள் நிற்கவைத்திருக்கிறாள்.

அழுதுகொண்டே நூலைச் சுற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. இழுத்து இறுக்கினாள்.

படம் ஏறி இறங்குவது நின்றது.

குருமூர்த்தி வந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையில் முடிச்சுகளைப் பார்த்தார். "திங்கக்கெழம தியேட்டருக்கு வந்துரு சாமி," என்று அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

டிவியை அணைக்கத் திரும்பினாள். திரை வெளுத்துக்கொண்டு வந்தது. லென்ஸில் ஆவி படிந்திருந்தது. உயிருள்ள வயிற்றுக்குள் போனால், அந்தச் சூட்டில் லென்ஸ் இப்படி மங்கும். இது வெறும் பிளாஸ்டிக் பெட்டி.

மூடியை நீக்கி உள்ளே கையை விட்டாள்.

உடம்புச் சூடு. அது அவள் விரல்களை மெல்லப் பற்றிக்கொண்டது.