தலையைத் தூக்கு

"ஐயையோ... தேவி!"

அலறினான் பிரவீன்குமார்.

"சத்தம் ஜாஸ்தி," என்றார் டைரக்டர் அரங்கநாதன்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. ராணி செத்துக் கிடக்கும் காட்சி. ராணியாக நடிக்கும் அஸ்வினி, கொசு அடித்துக்கொண்டே செத்துக் கிடந்தாள். ராஜாவாக நடிக்கும் பிரவீன், அரங்கநாதனின் சொந்த மருமகன். வீட்டில் 'வாங்க மாப்ளே'. மேடையில் 'வாடா'.

"பொணத்தைப் பாத்த ஒடனே எவனும் கத்த மாட்டான்டா. தொண்டை அடைச்சிக்கும். மூணு அடி வை. நில்லு. மண்டி போடு. பின்மண்டைக்குக் கீழ கை குடுத்துத் தலையைத் தூக்கு. அப்புறம்தான் பேரு. கொரல் உள்ள போவணும்."

"எத்தினி தபா மாமா?"

"கை தானா போற வரைக்கும்."

முப்பது தடவை தூக்கினான். அஸ்வினிக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

மறுநாள் காலை போன் அடித்தது. பானுப்ரியா. ஒரே மகள், பிரவீனின் மனைவி.

"அப்பா... இதுக்கு மேல அவருகூட இருக்க முடியாது. துணியெல்லாம் எடுத்து வச்சிக்கினு இருக்கேன். மத்தியான பஸ்ல வந்துர்றேன்."

"அடிச்சானாம்மா?"

"வந்து சொல்றேன்பா."

வரவில்லை.

மூன்று மணிக்கு இவரே விக்கிரவாண்டிக்குப் போனார். கதவு திறந்திருந்தது. சமையல்கட்டில், அம்மிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தாள் பானு. கட்டிய பை கட்டியபடி இருந்தது.

போலீஸ் வந்தது.

"வழுக்கி விழுந்த மாதிரிதாங்க தெரியுது," என்றார் இன்ஸ்பெக்டர் சக்கரபாணி. "புருஷன் விழுப்புரத்துல வேலைல இருக்காரு. சந்தேகம்னா சாட்சி வேணும்."

"அவனுக்கு ஒரு போன் போடுங்க சார். நான் சொல்றத மட்டும் சொல்லுங்க."

போட்டார். முகம் மட்டும் தெரியும்படி பானுவைப் போர்வையால் மூடினார்கள். எப்படிச் செத்தாள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

பிரவீன் வந்தான்.

மூன்று அடி. நின்றான். மண்டியிட்டான். நீண்ட கை தலைக்கருகே போய்... தயங்கி... தோளுக்குக் கீழே நுழைந்தது.

"பானு..."

குரல் உள்ளே போனது. கான்ஸ்டபிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தலையைத் தூக்கலீங்களே மாப்ளே," என்றார் அரங்கநாதன். "நேத்து முப்பது தபா தூக்கினீங்களே."

"எப்டி மாமா தூக்குறது? பின்மண்டை ஒடைஞ்சி கெடக்குதே..."

சக்கரபாணி மெல்ல முன்னால் வந்தார்.

"தம்பி, பாம்பு கடிச்சிடுச்சின்னுதானே நான் போன்ல சொன்னேன்?"

பிரவீன் கையை உருவிக்கொண்டு எழுந்தான்.

"அது உங்க மாமனாரு எழுதிக் குடுத்த டயலாக்," என்றார் சக்கரபாணி.

ஜீப் கிளம்பியது.

அரங்கநாதன் மகளிடம் போனார். அடியை எண்ணவில்லை. நடுவில் நிற்கவில்லை. அப்படியே விழுந்து, உடைந்த தலையை மடியில் அள்ளிக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்தினார்.

சத்தம் ஜாஸ்தி என்று சொல்ல, அங்கே டைரக்டர் யாரும் இல்லை.