நனைந்த மெத்தை

மழை பெய்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் துரையின் குதிரை வண்டிக்குள் இடதுபக்க மெத்தை நனைந்திருந்தது.

குதிரைக்காரன் செல்லச்சாமி முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், பிறகு புறங்கையை. தை மாதத்துப் பனி இறங்கிய குளிர்ச்சி என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் ஊறியது. கொட்டகைக் கூரையை அண்ணாந்து பார்த்தான். ஓட்டை இல்லை. வண்டியின் தோல் கூரை காய்ந்து கிடந்தது. இரண்டு பக்கக் கண்ணாடிகளும் ஏற்றி மூடியபடி இருந்தன. முந்தின நாள் மாலை கதவைப் பூட்டியவன் அவனேதான். சாவி ராத்திரி முழுக்க அவன் அரைஞாணில் கிடந்தது.

மெத்தையைக் கழற்றி வெயிலில் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

கோப்பிச் செடிகள் நோயில் செத்துக்கொண்டிருந்த வருஷம் அது. வத்தேகமைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் இலைகளின் அடிப்பக்கமெல்லாம் காவிப் பொடி பூத்து உதிர்ந்தது. காற்று வீசினால் அந்தப் பொடி கிளம்பி வந்து கழுத்து வேர்வையில், சோற்றுச் சட்டியில், கறுப்பு மினுக்குப் பூசிய வண்டிப் பலகையில் என்று எல்லாவற்றிலும் படியும். கூலிகள் குடியிருந்த லயங்களில் பாதி காலியாகிவிட்டன. துரை கொழும்புக்கு இறங்கிப் போய், இருப்பதையெல்லாம் விற்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார். வண்டியைப் பார்க்க அக்குறணையிலிருந்து ஜமால்தீன் முதலாளி வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் வண்டியோடு குதிரையையும், குதிரையோடு குதிரைக்காரனையும் வைத்துக்கொள்வதாகப் பேச்சு.

"புதுசு மாதிரி இருக்கணும் செல்லச்சாமி," என்று கணக்கப்பிள்ளை இராமையா கொட்டகை வாசலில் நின்று சொன்னார். "வாங்க வர்றவன் மொதல்ல மூக்காலதான் பார்ப்பான். ஈர நாத்தம் அடிச்சா திரும்பிப் போயிடுவான். இந்த வண்டி போகலைன்னா நீயும் ஒம் பொஞ்சாதியும் எங்க போவீங்க?"

"சரிங்க."

"பழைய கதை எதுவும் வாயில வரக்கூடாது."

செல்லச்சாமி தலையாட்டினான்.

புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளை விளக்குகளைத் தேய்த்தான். தேன்மெழுகில் விளக்குக் கரியைக் குழைத்துத் தோலில் பூசி, அது உள்ளே இறங்கும்வரை துணியால் வட்டமாகத் துடைத்தான். சக்கர ஆரக்கால்களுக்கு இடையில் இறுகியிருந்த பழைய மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்தான். குதிரை வாடையும் மெழுகு வாடையும் கொட்டகைக்குள் கலந்து நின்றன. அவனுக்கு அந்த வேலை தெரியும். ஒன்பது வருஷமாக அந்த வண்டியை அவன் தன் உடம்பைவிடச் சுத்தமாக வைத்திருந்தான்.

மாலையில் காய்ந்த மெத்தையை மாட்டிப் பூட்டினான்.

புதன்கிழமை காலை அது மறுபடியும் நனைந்திருந்தது.

இந்த முறை ஈரத்துக்கு ஓர் உருவம் இருந்தது. ஒரு முனையில் தலை அளவு வட்டம், அதிலிருந்து நீண்டு, நடுவில் மடங்கி, மறுமுனையில் குறுகி நின்றது. யாரோ ஒருக்களித்துக் காலை மடக்கிப் படுத்து எழுந்துபோன மாதிரி. செல்லச்சாமி குனிந்து முழங்கையை வைத்து அளந்தான். இரண்டு முழமும் நாலு விரலும். அளந்த கை அப்படியே நின்றது. அந்த அளவு அவனுக்குத் தெரியும். ஐப்பசியில் குழி வெட்டும்போது அதே கையால்தான் அளந்தான்.

மகள் ராக்கம்மாவுக்கு அப்போது ஆறு வயது. ராக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் காலையில் அவளுக்குக் கண் சொருகத் தொடங்கியது. வெளியே மலை தெரியாத மழை. துரை கண்டிக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது, மறுநாள்தான் வருவார். வண்டிக்குப் புது மெத்தை வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாவி செல்லச்சாமியின் இடுப்பில் இருந்தது. அவன் மனைவி வடிவம்மா காலைப் பிடித்துக்கொண்டாள். யாருக்குங்க தெரியப்போகுது, ஆசுபத்திரி வாசல்வரைக்குந்தானே, என்றாள். அவன் மெத்தையை நினைத்தான். சக்கரத்தில் ஏறப்போகும் சேற்றை நினைத்தான். முன்பு ஒருமுறை ஒரு கீறலுக்காகத் துரை பிரம்பை எடுத்ததை நினைத்தான். கம்பளியால் பிள்ளையைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கண்டி ஆசுபத்திரிக்கு நடந்தான்.

கொட்டகையைத் தாண்டும்போது தோளிலிருந்து பிள்ளை தலையைத் தூக்கியது.

"அப்பா, வண்டியில படுத்துக்கிறேம்ப்பா. அழுக்குப் பண்ண மாட்டேன்."

"அது துரை வண்டிம்மா."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், வழிப்போக்கர்கள் தங்கும் அம்பலத்தில் மழைக்கு ஒதுங்கி அவளைத் தோளிலிருந்து இறக்கியபோது உடம்பு விறைத்திருந்தது. எந்த இடத்தில் உயிர் போனது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து வடிவம்மா அவனோடு பேசுவதில்லை. சோறு வைப்பாள். துணி துவைப்பாள். பேசமாட்டாள்.

புதன் மாலை லயத்துக்குப் போனவன் அவளுக்கு முன்னால் நின்றான். அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வடிவு, கொட்டகைக்கு வந்து ஒருதரம் பார்க்கிறியா?"

அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு மறுபடி அரிசியில் ஓடின.

வியாழக்கிழமை காலையும் ஈரம். இப்போது வாடையும் இருந்தது: நனைந்த கம்பளி வாடை, அதற்கு அடியில் ராக்குவின் நெஞ்சில் தேய்த்த ஓம எண்ணெயின் வாடை. செல்லச்சாமி சுண்ணாம்பு வைத்தான், கற்பூரம் ஏற்றினான், எலுமிச்சையை அறுத்து மூலைக்கு மூலை வைத்தான். மெத்தையை நாள் முழுக்க வெயிலில் போட்டான். மதியம் குதிரையை வெளியே கட்டியபோது அது வண்டிப் பக்கம் கழுத்தை நீட்டி, மூடிய கண்ணாடியில் மூக்கை வைத்து மூசிற்று. கையில் கருப்பட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் மட்டுந்தான் அது அப்படிச் செய்யும். அந்த ஒருவர் போய் மூன்று மாதம் ஆகிறது. செல்லச்சாமி குதிரையை இழுத்து வேறு பக்கம் கட்டினான்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரம். மெத்தையை மாட்டி, கதவைப் பூட்டி, சாவியை முடிந்துகொண்டு நாலடி நடந்தான்.

சரக்.

நின்றான்.

சரக். சரக்.

காய்ந்த துணி தோலில் உரசும் சத்தம். அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கம். ஒன்பது வருஷமாக அவன் கையிலிருந்தே எழுந்த சத்தம். இப்போது பூட்டிய வண்டிக்குள்ளிருந்து வந்தது. அவனுடையதைவிட மெதுவாக. கை எட்டாத இடத்துக்கு எம்பித் தேய்ப்பது போல, நடுநடுவே நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும்.

கொட்டகைச் சுவரில் துடைக்கும் துணியை மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது.

அவன் வண்டியிடம் திரும்பி வந்தான். சாவியை எடுக்க விரல் வரவில்லை. கண்ணாடி வழியே உள்ளே பார்க்கவும் தைரியம் வரவில்லை. கதவுப் பலகையில் நெற்றியை வைத்தான். பலகை குளிர்ந்திருந்தது. உள்ளே பிள்ளை துடைத்துக்கொண்டிருந்தது.

"ராக்கு," என்றான். "போதும்மா. கை வலிக்கும்."

சத்தம் நின்றது.

குதிரை காதை நிமிர்த்தியது. எங்கோ லயத்துப் பக்கம் ஒரு நாய் குரைத்து அடங்கியது.

பிறகு சத்தம் மறுபடி தொடங்கியது. வேகமாக. திட்டு வாங்கிய பிள்ளை அவசர அவசரமாகத் துடைப்பது போல. சரக்சரக்சரக் என்று.

செல்லச்சாமி ஓடினான்.

வெள்ளிக்கிழமை காலை மெத்தை காய்ந்திருந்தது. தோல் மின்னியது. பலகை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. அவன் எப்போதும் எட்டிப் பிடிக்க முடியாத மூலைகளில்கூட ஒரு பொட்டுக் காவிப் பொடி இல்லை. துணி மட்டும் வண்டியின் அடிப்பலகையில், பிழிந்து, கோணல்மாணலாக நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன் அதைத் தொடாமல் கதவைச் சாத்தினான்.

இரண்டு மணிக்கு ஜமால்தீன் முதலாளியின் மாட்டு வண்டி ஏற்றத்தில் வந்து நின்றது. பருத்த உடம்பு, நரைத்த தாடி, நல்ல சிரிப்பு. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விளக்கைத் தட்டினார். சக்கரத்தைக் காலால் உதைத்தார்.

"புது வண்டி மாதிரியே ஈக்குது. தொர இதுல ஏறவே இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"செல்லச்சாமி, இது ஒங்கட புள்ளையா?"

"எதுங்க மொதலாளி?"

"இந்தா, கீழ பலகையில குந்திக்கிட்டு ஈக்குதே. மேல உக்காரு மகள்னு செல்றேன், கேக்குதில்ல. நான் ஏற முந்தி பாவாட நுனியால மெத்தையத் தொடச்சி உட்டுட்டு ஒதுங்கிட்டுது." அவர் இறங்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "புள்ள தொப்பலா நனஞ்சி ஈக்குது. காய்ச்சல் வந்துரும். துணிய மாத்தி உடுங்க."

கூடவே நின்றிருந்த கணக்கப்பிள்ளை இராமையாவின் முகம் வெளுத்தது. அவர் பங்களாப் பக்கமாகத் திரும்பி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிக்கு அந்தப் பக்கம், புறப்படத் துணி மூட்டையோடு நின்றிருந்த வடிவம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மூட்டை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் வந்து, திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன வந்ததென்று செல்லச்சாமி நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

"நானும் உள்ள ஏறிக்கிறேன்," என்றாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. யாரிடம் பேசினாள் என்பது அவனுக்கு விளங்கவில்லை.

"ஏறட்டும், ஏறட்டும். வண்டி இனி நம்மடதான்," என்றார் ஜமால்தீன். "நான் முன்னுக்குப் போறேன். நீங்க பொறத்தால வாங்க."

செல்லச்சாமி குதிரையைப் பூட்டினான். வடிவம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. இறக்கிவிட்டால் எங்கே கூட்டிப்போவது? தவிர, அவள் பேசிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்தான். அவன் ஏறி உட்கார்ந்து கடிவாளத்தைப் பிடித்தான்.

வெயில் கொளுத்தியது. பாதை இறக்கமாக வளைந்து வளைந்து போனது. முன்னால் போன மாட்டு வண்டி கிளப்பிய புழுதி பூவரச மரங்களில் படிந்தது. முதுகுப் பலகைக்குப் பின்னால் வடிவம்மா பேசத் தொடங்கினாள். சொற்கள் பிடிபடவில்லை, காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசும் தாழ்ந்த குரல். நடுநடுவே நிறுத்தினாள், பதில் கேட்பவள் போல. ஒருமுறை சிரித்தாள். செல்லச்சாமிக்குக் கண் மறைத்தது. புழுதி என்று நினைத்துத் துடைத்தான். அந்த ஒரு மைல் தூரம் அவன் மனதுக்குள் தன் குடும்பத்தை வண்டியில் வைத்து ஓட்டிப் போனான்.

பிறகு பேச்சு நின்றது.

சரக்.

பலகையில் உரசல். அதோடு சேர்ந்து இன்னொன்று. கனமான கை. இரண்டு கைகள் துடைத்தன. சேர்ந்து. மாறி மாறி. சேர்ந்து.

"வடிவு," என்றான்.

துடைத்தன.

"வடிவு, போதும்."

வேகம் கூடியது.

மாட்டு வண்டி திருப்பத்தில் மறைந்தது. ஆறு தெரிந்தது. பாலம் தெரிந்தது. அம்பலத்தின் ஓட்டுக்கூரை தெரிந்தது. அவன் கடிவாளத்தை இழுக்கவில்லை. குதிரை தானாக நின்றது.

சத்தமும் நின்றது.

கீழே இறங்கினான். வந்த பாதையைப் பார்த்தான். காய்ந்த புழுதியின் நடுவே, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, ஈரக் கோடு ஒன்று வந்திருந்தது. அது வண்டியில் முடிந்தது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிவந்த தண்ணீர். மழைச் சேறு.

கதவைத் திறந்தான்.

மெத்தைகள் இரண்டும் காலியாக மின்னின. வடிவம்மா கீழே பலகையில் உட்கார்ந்திருந்தாள். சேலை உடம்போடு ஒட்டி நனைந்திருந்தது. கூந்தலிலிருந்து நீர் வழிந்தது. உள்ளங்கைகளில் தோல் உரிந்து தொங்கியது. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். தெரியவில்லை.

"வடிவு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. கால்கள் மட்டும் அசைந்தன. முழங்கால்களை மெல்ல மடக்கி ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள்.

எதிர்ப் பக்கத்தில், மெத்தையின் நிழலுக்குள், சேறு அப்பிய இரண்டு சின்ன முழங்கால்களும் மடங்கி ஒதுங்கின.

நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பலகை வெறுமையாக இருந்தது. துடைத்து வைத்திருந்தார்கள்.