பொத்தான் அறுந்த காட்சி

அவன் அவளிடம் கடைசியாகக் கேட்டது ஒரு நகவெட்டியை. காதில் ஹெட்போனோடு கணினி முன் உட்கார்ந்திருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ரெண்டாவது ட்ராயர்ல பாருங்க" என்றாள். ஜன்னலோரம் நின்று நகம் வெட்டி, துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அவன் ஒத்திகைக்குக் கிளம்பிப் போனான். மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இதயம்... அவ்வளவுதான்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்றும் யாராவது, "நீங்க ரெண்டு பேரும் எப்படிச் சந்திச்சீங்க?" என்று கேட்டால், அவள் முகம் அவளையறியாமல் மலர்ந்துவிடும். "சண்டையிலதான்" என்பாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு மழை மாலை. ஒரு நாடகக் குழு தன் நகைச்சுவை நாடகத்தை மேடையிலேயே, சபையின் சிரிப்போடு பதிவு செய்து, பாட்காஸ்டில் வானொலி நாடகமாக வெளியிட முடிவு செய்திருந்தது. ஒலிப்பதிவு அவள் பொறுப்பு. தனியாக எடுத்துச் செய்கிற முதல் வேலை. மைக் பைகளைத் தன் துப்பட்டாவால் மூடி, தான் மட்டும் தொப்பலாக நனைந்து அரங்குக்குள் நுழைந்தாள். மேடையில் ஒருவன் திரைக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தான். கிரீச்... கிரீச்...

"கொஞ்சம் எந்திரிங்கண்ணே. நாற்காலி சத்தம் மைக்ல ஏறுது."

"ஒரு வாரமா இந்தச் சத்தத்தைத்தான் தேடிட்டு இருந்தேன். கிடைச்சதை விடச் சொல்றீங்களே."

"திரை இழுக்கிறவருக்கு மேடையில என்ன வேலை?"

"எழுதினதும் நான்தான், நடிக்கிறதும் நான்தான், திரை இழுக்கிறதும் நான்தான். ஆள் பஞ்சம் மேடம்."

நிமிர்ந்து பார்த்தாள். இமையில் நின்ற மழைத்துளி வழியாக அந்த முகம் கலங்கித் தெரிந்தது. உதடு சிரிக்கவில்லை... கண் மட்டும் சிரித்தது. 'வந்து மாட்டினேனே' என்று குனிந்து வயரைப் பிரிக்கத் தொடங்கினாள்.

அன்று வெள்ளோட்டம். நாடகத்தில், நேர்முகத் தேர்வுக்கு வந்தவனாக அவன். சட்டைப் பொத்தான் அறுந்துவிடுகிறது. அதைக் கையால் மறைக்கிறான், ஃபைலால் மறைக்கிறான், கடைசியில் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மார்பில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான்கு நிமிடம். ஒரு வார்த்தை கிடையாது. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய அண்ணன். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவரும் சிரித்தார்... மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று, ஒரு கணம் பிந்தி. பத்து வயதிலிருந்து எந்த நாடகத்துக்குப் போனாலும் மேடையில் நடப்பதை அவர் காதில் கிசுகிசுப்பது அவள்தான். இன்று அவள் ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் மாட்டிக்கொண்டாள்.

நாடகம் முடிந்ததும் நேரே அவனிடம் போனாள். "பொத்தான் காட்சிக்கு வசனம் வேணும் சார்."

"சிரிப்புக்குப் பொழிப்புரை எழுதச் சொல்றீங்களா?"

"நாலு நிமிஷம் வெறும் சிரிப்புச் சத்தம். கேட்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

"நேர்ல வந்து பார்க்கட்டும்."

"வந்தாரே. எங்க அண்ணன். கண்ணு தெரியாது."

அவன் முகம் மாறியது. ஆனாலும் வறட்டுப் பிடிவாதம் விடவில்லை. "ஒருத்தருக்காகக் காட்சியை மாத்த முடியாதுங்க."

அன்றைய பதிவை ஓடவிட்டு, ஹெட்போனை அவன் கையில் கொடுத்தாள். "கண்ணை மூடிட்டுக் கேளுங்க. இதுவே போதும்னு சொன்னீங்கன்னா நான் மூட்டை கட்டிடறேன். வேற ஆளைப் பார்த்துக்கங்க."

கேட்டான். நான்கு நிமிடம் முழுக்க. பிறகு மெல்லக் கழற்றினான். "எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு... எதுக்குன்னே தெரியாம." மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

மூன்று நாள் தகவல் இல்லை. வேலை போயிற்று என்று நினைத்தாள். ஒரு வேலை போனதற்கு இப்படியா நெஞ்சு கனக்கும்...

நான்காம் நாள் அவள் வீட்டு வாசலில் நின்றான். தலை நனைந்திருந்தது. கையிலிருந்த தாள்கள் நனையவில்லை.

"உங்களைப் பார்க்க வரல. அண்ணனைப் பார்க்கணும்."

கூடத்தில் உட்கார்ந்து காட்சியை அண்ணனுக்கு நடித்துக் காட்டினான். இப்போது அந்த ஆள் அறுந்த பொத்தானோடு பேசினான். அழைத்தான், கெஞ்சினான், காலண்டரிடம் மன்னிப்புக் கேட்டான்.

அண்ணன் தலையை ஆட்டினார். "தம்பி, ரொம்பக் கெஞ்சாதீங்க. அதட்டுங்க. பயந்தவன் பொத்தானைத்தானே அதட்ட முடியும்."

அவன் உடனே பேனாவை எடுத்தான். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், தண்ணீர் கொண்டுவரப் போகிறவள்போல உள்ளே போய்விட்டாள்.

பதிவு நாளில், பொத்தானை அவன் அதட்டியபோது அரங்கிலேயே முதலில் வெடித்தது அண்ணனின் சிரிப்பு. பிறகுதான் சபை சிரித்தது. கண் நிறைந்ததை யாரும் பார்க்காதபடி அவள் கருவியின்மேல் குனிந்துகொண்டாள்.

காட்சி முடிந்து அவன் எதிர்ப்பக்கத் திரை மறைவுக்குள் போனான். சட்டையில் குத்தியிருந்த மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கே அவன் பேசுவது சபைக்குக் கேட்காது. ஹெட்போன் வழியாக அவள் காதுக்கு மட்டும் கேட்கும்.

"மேடம்..." ஒரு மூச்சு. "இது பதிவுக்கு இல்ல. உங்களுக்கு. அண்ணன்கிட்ட கேட்டேன். 'என்னை ஏன்பா கேக்குறே, அவளைக் கேளு'ன்னுட்டார். அந்த மழை நாள்லேருந்து கண்ணை மூடினா உங்க குரல்தான் கேக்குது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல வசனம்... எழுத வரல."

வெளிச்சம் நிறைந்த மேடைக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவன். பதில் சொல்ல அவளிடம் மைக் இல்லை. தலையை அசைத்தாள். ஒருமுறை... அவனுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று இன்னொருமுறை.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். மேடைக்கு வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. யாரோ முதுகில் தள்ளிவிட்ட பிறகுதான் வந்தான்.

நாடகத்தைத் தொகுத்தபோது அவன் சொன்னதை மட்டும் பிரித்துத் தனியாக வைத்துக்கொண்டாள். அவன் வராத அந்த இடைவெளியையும் வெட்டியிருக்க வேண்டும். வேறு யார் பதிவாக இருந்தாலும் வெட்டியிருப்பாள்.

நாடகம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில், நான்கு விநாடி யாரும் பேசுவதில்லை.