இடித்த சுவர்

சுவரை இடித்து, கல்லையெல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பிய மறுவாரம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லீஸ்பெத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது, யாரோ அந்தச் சுவரைத் தட்டினார்கள்.

குழாயை மூடினாள். புதுச் சுண்ணாம்பின் காரமும், சட்டியில் ஆறிக்கொண்டிருந்த மிளகாய் வதக்கலின் நெடியும் கலந்து நின்ற அந்த நீளமான சமையலறையில், வெயிலுக்காகச் சாத்தியிருந்த மரச் சன்னல்களின் இடுக்கு வழியே வெளிச்சம் கோடுகோடாக விழுந்து, பழைய தரை ஓடும் புது ஓடும் சேரும் இடத்தை, அதாவது சுவர் நின்றிருந்த இடத்தை, துல்லியமாகக் காட்டியது. அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. கல்லின்மேல் மரச்சுத்தி படும் சத்தம், மெதுவாக, நிதானமாக, மூன்று முறை.

அவளுக்கு அந்தத் தட்டல் நன்றாகத் தெரியும். காபி ஆகிவிட்டது, வா என்று அர்த்தம். பாதாம் உடைக்கிற சுத்தியால் அப்படித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஜெரார்தோ செத்து, அடக்கமும் ஆகி, ஒரு குளிர்காலமும் முடிந்துவிட்டது.

லீஸ்பெத் ஒல்லாந்துக்காரி. பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணவனும் போன பிறகு, ஊரில் இருந்ததை விற்றுவிட்டுத் தெற்கு இத்தாலியின் இந்த மலைக்கிராமத்துக்கு வந்து கல்வீடு வாங்கினாள். விலை மலிவு. மலிவு என்றால் சும்மாவா? சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம், பின்கட்டு அறையில் ஜெரார்தோ இருந்தார். வீடு அவளுக்கு, பின்கட்டு மட்டும் அவர் மூச்சு உள்ளவரை அவருக்கு. அங்கே அப்படி வாங்குவதும் விற்பதும் சகஜம், யாரும் முகம் சுளிப்பதில்லை. தரகர் மட்டும் கையெழுத்துக்கு முன்னால் அவளைத் தனியே அழைத்து, “இதயம் ரொம்ப வீக்கு, சிஞ்ஞோரா. அடுத்த திராட்சை அறுவடைய அவரு பாக்கமாட்டாரு” என்று கண்ணடித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும்.

ஜெரார்தோவோ அறுவடைக்குப் பின் அறுவடையாகப் பார்த்துக்கொண்டே போனார். மதுக்கடையில் ஊர்க்காரர்களுக்கு அதுவே பொழுதுபோக்கு.

“என்ன மாமா, இன்னும் கெளம்பலையா? பாவம், சுவத்தை இடிக்க அந்தம்மா கடப்பாரையோட நிக்குது!”

“பொறுங்கடா. தட்டிச் சொல்லிட்டுத்தான் போவேன். சொல்லாம கொள்ளாம போற ஆளா நான்?”

எல்லோரும் சிரித்தார்கள், லீஸ்பெத்தும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவருடைய இருமலைக் காது கொடுத்துக் கேட்டாள்.

முதலில் அவர் தட்டியதும் ஆசையாகக் காபிக்குப் போனாள். பிறகு கடமைக்குப் போனாள். பிறகு, “எப்பம்மா அந்த ரூம் கெடைக்கும்? லீவுக்கு வந்தா புள்ளைங்கள எங்க படுக்க வைக்கிறது?” என்று மகள் தொலைபேசியில் கேட்கக் கேட்க, தட்டல் காதில் விழுந்தாலே எரிச்சல் வந்தது.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு மத்தியானம், ஊரில் ஈ காக்கை இல்லை. உச்சி வெயிலில் அங்கே யாரும் வெளியே தலை காட்டமாட்டார்கள். “அது நம்ம நேரமில்ல, அவங்க நேரம்” என்பார்கள், யாருடைய நேரம் என்று சொல்லமாட்டார்கள். அன்றைக்கு ஜெரார்தோ மூன்றோடு நிறுத்தவில்லை. விடாமல் தட்டினார். வேகமாக, பிறகு தாளம் தப்பி, பிறகு சுத்தி சுவரில் இழுபட்டு. அது காபிக்கான தட்டல் இல்லை என்று லீஸ்பெத்துக்குத் தெரிந்தது. கையில் இருந்த கோப்பையைத் தட்டில் வைத்தாள். சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

ரேடியோவில் ஒரு பெண் தக்காளியைப் புட்டியில் அடைத்து வைக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். லீஸ்பெத் அதை முழுக்கக் கேட்டாள். சாயங்காலம் கதவைத் திறந்து பார்த்து முதலில் அலறியதும் அவள்தான், அடக்கத்தில் எல்லோரையும் விட அதிகமாக அழுததும் அவள்தான். அழுகை பொய்யில்லை. ஊர் மெச்சியது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

இப்போது சுவருமில்லை. பின்கட்டுக்கு வெளியே இருந்து வரும் வாசலையும் அவள் சொல்லிக் கொத்தனார் கல் வைத்து அடைத்துவிட்டார். அங்கே பாத்திர அலமாரி வரப்போகிறது.

குழாயில் ஏதோ காற்று என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளும் தட்டல் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அதே நேரம், அதே பொறுமை, கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்ற அதே நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவளை அரித்தது. திட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

வெயில் தாழ்ந்த பிறகு எதிர்வீட்டு மிக்கெலீனா புதுச் சமையலறையைப் பார்க்க வந்தாள், கத்தரிக்காய் வறுவல் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு.

“அடேயப்பா! இது சமையக்கட்டா, கோயிலா? இங்க கல்யாணமே வைக்கலாம் போலிருக்கே!” என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தவள், ஓடுகள் சேரும் இடத்தில் வந்து நின்று கையைத் தேய்த்துக்கொண்டாள். “இங்க மட்டும் ஏன்டி இப்படிச் சில்லுன்னு இருக்கு?”

லீஸ்பெத் தட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“அனுபவி, லீஸ்பெத். உனக்குத் தகும். அவரு பெத்ததுங்க ரெண்டும் மிலான்ல உக்காந்துக்கிட்டு எட்டிக்கூடப் பாக்கல. நீதான் மகளாட்டம் பாத்துக்கிட்ட. ஊரே சொல்லுது.”

“மிக்கெலீனா...” “அன்னைக்கி அவரு தட்டினாரு.”

“எந்த அன்னைக்கி?”

“அவரு போன அன்னைக்கி.”

மிக்கெலீனா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, கை மேல் கை வைத்து, “நீ தூங்கியிருப்ப. அந்த வெயில்ல யாரு முழிச்சிருக்கா? தூங்குறவளுக்கு என்ன கேக்கும்? மனசப் போட்டு ஒழப்பிக்காத” என்றாள்.

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. வறுவலின் எண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. அந்தக் கையின் சூட்டை இழக்க லீஸ்பெத்துக்கு மனம் வரவில்லை.

“ஆமா,” என்றாள். “தூங்கிட்டேன்.”

சொன்ன மறு நொடியே முகமெல்லாம் தீப்பட்ட மாதிரி எரிந்தது. மிக்கெலீனா அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் தட்டல் மூன்றோடு நிற்கவில்லை.

அவள் காபியோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் மூன்று. பிறகு வேகம். எதிரே, வெறும் காற்றில், கல் அதிர்ந்தது. மேசைமேல் கரண்டி நடுங்கியது. இல்லாத சுவரிலிருந்து சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று உண்மையாகவே தரையில் உதிர்ந்து, வெளிச்சக் கோட்டில் வெள்ளையாகக் கிடந்தது. கை தானாக ரேடியோவின் பக்கம் போனது. பாதியில் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். சீ, இன்னொரு தடவையா?

தட்டல் தாளம் தப்பியது.

“வர்றேன் மாமா,” என்றாள். “இதோ வந்துட்டேன்.”

கோப்பையை வைத்தாள். எழுந்தாள். தூளை மிதித்து, ஓடுகள் சேரும் கோட்டைத் தாண்டினாள்.

சத்தம் நின்றது.

வெளிச்சமும் நின்றது. சாத்திய சன்னலின் கோடுகள் ஒன்றுகூட இந்தப் பக்கம் இல்லை. புகையிலை வாசனை. தீய்ந்த காபி வாசனை. கம்பளிப் போர்வையின் பழைய வியர்வை. கொத்தனார் கழுவி வெள்ளையடித்துப் போன இடத்தில் இவ்வளவு வாசனை எப்படி?

அவள் முட்டி போட்டாள்.

“எனக்குக் கேட்டுச்சு,” என்றாள். “தூங்கல மாமா. கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. எப்ப நிப்பாட்டுவீங்கன்னு உக்காந்திருந்தேன். மன்னிச்சிடுங்க.”

முதல் தடவையாகச் சொல்லிவிட்டாள். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அழுதாள். யாரும் பதில் சொல்லவில்லை. மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அறையில் அவளைத் தவிர யாருமே இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

எழுந்து திரும்பினாள். இரண்டடி வைத்தாள்.

நெற்றி கல்லில் இடித்தது.

கையால் தடவினாள். கல். ஈரமான, சொரசொரப்பான கல். இடப்பக்கம் கல். வலப்பக்கம் கல். தரையிலிருந்து கை எட்டும் உயரம்வரை கல். வாசல்? வாசலை அடைத்தாயிற்று. அவள்தானே அடைக்கச் சொன்னாள்.

நெஞ்சின் நடுவில் ஒரு வலி எழுந்தது. இடது தோளுக்குப் போனது. மூச்சு பாதியில் நின்றது.

காலில் ஏதோ இடறியது. குனிந்து எடுத்தாள். மரச்சுத்தி. பிடி இன்னும் சூடாக இருந்தது.

தட்டினாள். மூன்று முறை. பிறகு நிறுத்த முடியவில்லை. விடாமல் தட்டினாள். கை வலுவிழந்தது. சுத்தி சுவரில் இழுபட்டது.

அந்தப் பக்கம், கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம். அவளுடைய கோப்பை. அவளுடைய நாற்காலியின் முனகல். யாரோ அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான்தான்!” என்று கத்தினாள். குரல் வரவில்லை. “நான்தான், லீஸ்பெத்!”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, சுவருக்கு அப்பால், தக்காளியை எப்படிப் புட்டியில் அடைப்பது என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்த குரல், சட்டென்று உரத்தது.