பதினைந்து பொதிகளும் சிவப்புச் சட்டைக்காரர்களும்

கூட்டமான இடத்துக்குப் போனால் அம்மா என் கையைப் பிடிக்க மாட்டார். மணிக்கட்டைத்தான் பிடிப்பார். கை வழுக்கிவிடும், மணிக்கட்டு வழுக்காது என்று சொல்வார்.

அதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் சண்டை நடந்த நாட்களில், எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஊர்ச் சனமெல்லாம் ஒன்றாக நடந்து போனோம். அந்தக் கூட்டத்தில் என் கை அம்மாவின் கையிலிருந்து நழுவிவிட்டது. மூன்று மணி நேரம் கழித்து அப்பாதான் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு, முகாமில் இருந்தபோது, காய்ச்சல் வந்து அப்பா இறந்துபோனார்.

நான் சொல்லப்போகும் இந்தக் கதை நடந்தது 2013இல். அப்போது எனக்குப் பத்து வயது. நானும் அம்மாவும் மெல்பேர்னுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஸ்பிரிங்வேலில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம்.

அன்று சனிக்கிழமை. பள்ளி விடுமுறையின் முதல் நாள். அப்பாவின் திவசமும் அன்றுதான்.

திவசத்துக்கு அம்மா பதினைந்து சோற்றுப் பொதிகள் கட்டுவார். முதல் வருடம் முகாமில் அவர் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த அரிசி பதினைந்து பொதிகளுக்குத்தான் போதுமாக இருந்ததாம். அதற்குப் பிறகு வீட்டில் எவ்வளவு அரிசி இருந்தாலும் பதினைந்துதான். வியட்நாம்காரர் கடையில் உறைய வைத்து விற்கும் வாழையிலையை வாங்கி, வெந்நீரில் நனைத்து, அதில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, வடை, பொரித்த மோர்மிளகாய் எல்லாம் வைத்துக் கட்டுவார்.

பொதிகளை வெளி ஆட்களுக்குக் கொடுக்க வேண்டும். இருட்டுவதற்கு முன் கொடுக்க வேண்டும். இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். பதினைந்தும் கொடுத்து முடிந்த பிறகுதான் அம்மா சாப்பிடுவார். அதுவரை வெறும் தண்ணீர்தான்.

எங்களைக் காரில் கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தவர் சிவபாலன் அங்கிள். அவர் ட்ராம் ஓட்டுநர். மதியம் ஒரு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"ரஞ்சினி, குறை நினைக்காதேங்கோ. ரக்பி மேட்சாம். சிட்டி முழுக்க வெளிநாட்டுச் சனம். கூடுதல் ட்ராம் ஓட வேணுமெண்டு என்னை வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்கள்."

அம்மா போனை வைத்துவிட்டுப் பொதிகள் இருந்த பையைப் பார்த்தார். கோயில் தூரம். பஸ் மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும். ஜூன் மாதத்தில் மெல்பேர்ன் சூரியன் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடும்.

"சந்தைப் பக்கம் போய்க் குடுப்பமா அம்மா?" என்று கேட்டேன்.

"அங்க ஆருக்குப் பசி? பத்தடிக்கு ஒரு சாப்பாட்டுக் கடை."

அதுவும் சரிதான். நான் யோசித்தேன்.

"அப்ப சிட்டிக்குப் போவம். ஸ்டேசன் வாசல்ல வீடில்லாத ஆக்கள் போர்வையோட இருப்பினம்தானே. அவைக்குக் குடுக்கலாம்."

"அங்கிள் சொன்னது கேக்கேல்லையோ? சனமாம்."

"மணிக்கட்டைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

அம்மா அப்பாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, சப்பாத்தைப் போடு" என்றார்.

ரயில் ஸ்பிரிங்வேலில் புறப்பட்டபோது எங்கள் பெட்டியில் எட்டுப் பேர்தான். நாலாவது நிலையத்தில் சிவப்புச் சட்டை போட்ட இருவர் ஏறினார்கள். அதற்கடுத்த நிலையத்தில் இருபது பேர். பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். வாசலுக்கு வாசல் சிவப்பு. தாத்தாக்கள் சிவப்பு, குழந்தைகள் சிவப்பு. ஒரு கைக்குழந்தையின் தொப்பிகூடச் சிவப்பு.

ஒருவர் தோளில் கொடியைப் போர்த்தியிருந்தார். அதில் சிங்கம் இருந்தது.

அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. எங்கள் நாட்டுக் கொடியிலும் சிங்கம் உண்டு. அந்தக் கொடி பறந்த வண்டிகளைக் கண்டு நாங்கள் பலமுறை ஓடி ஒளிந்திருக்கிறோம்.

"மிருணா, அடுத்த ஸ்டேசன்ல இறங்குவம்" என்றார் அம்மா மெதுவாக.

"பொறுங்கோ அம்மா, கேட்டுப் பாக்கிறன்."

என் பக்கத்தில் நின்றவர் மிக உயரமானவர். நரைத்த தாடி. தொப்பியின் மேல் ஒரு பொம்மைச் சிங்கம் படுத்திருந்தது. ஒரு சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கழுத்தில் கட்டியிருந்தார். நான் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"உங்கள் சிங்கம் எந்த நாட்டுச் சிங்கம்?"

அவர் சிரித்தார். தொப்பிச் சிங்கமும் ஆடியது.

"ஒரு நாட்டுச் சிங்கம் இல்லை. நாலு நாட்டுச் சிங்கம். நான் வேல்ஸ்காரன், பெயர் எம்ரிஸ். அதோ அவள் அயர்லாந்து. கொடிக்காரர் ஸ்காட்லாந்து. உங்கள் பையை மோப்பம் பிடிக்கிற அந்த ஆள் இங்கிலாந்து. மற்ற வருடங்களில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவோம். இந்தப் பயணத்துக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே ரக்பி அணி, ஒரே சட்டை, ஒரே சிங்கம். இந்த நாட்டுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவோம்."

நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா கொடிச் சிங்கத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"பன்னிரண்டு வருசத்துக்கு ஒருக்காவோ? அப்ப கும்பாபிசேகம் மாதிரி" என்றார்.

அவருடைய விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. நாங்கள் இறங்கவில்லை.

ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் நிலையத்தில் கதவு திறந்தது. முதலில் கேட்டது சத்தம். காலுக்குக் கீழே நிலம் மெல்ல நடுங்குவது போலிருந்தது. ஆனால் அது கூச்சல் இல்லை. பாட்டு. நிலையத்தின் கூரைக்குக் கீழே ஆயிரம் பேராவது நின்று ஒரே பாட்டைப் பாடினார்கள். சிலர் தாழ்ந்த குரலில், சிலர் உயர்ந்த குரலில். எல்லாக் குரலும் ஒன்றோடொன்று பொருந்தி மேலே போனது. யாரும் அவர்களை வரிசையில் நிறுத்தவில்லை. ஒலிபெருக்கி இல்லை. பச்சையும் மஞ்சளும் உடுத்திய ஆஸ்திரேலியக்காரர்கள்கூடப் போகிற வழியில் நின்று கேட்டார்கள். டிக்கெட் பார்க்கும் காவலாளி கதவைத் திறந்துவிட்டு வாயையும் திறந்தபடி நின்றார்.

நான் வாழ்க்கையில் பார்த்த பெரிய கூட்டங்கள் எல்லாம் பயந்த கூட்டங்கள். இவ்வளவு பேர் சேர்ந்து சந்தோஷமாக நிற்க முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

வாசற்படிக்கு வந்தோம். ஒரு மணி நேரம் எல்லா வாசலிலும் தேடியும் போர்வைக்காரர்கள் யாரையும் காணவில்லை. கூட்டத்தில் அவர்கள் வேறெங்கோ போய்விட்டார்கள். நாய்க்குட்டியோடு ஒரே ஒருவர் மட்டும் ஓரத்தில் இருந்தார். அம்மா என் மணிக்கட்டை விடாமல், "நீ குடு" என்றார். நான் இரண்டு கையையும் நீட்ட, அம்மாவின் கையும் சேர்ந்து நீண்டது. நாய்க்குட்டிக்காரர் பொதியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

இன்னும் பதினாலு. மணி மூன்றரை.

அம்மா படியில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. அவர் முதல் நாள் இரவிலிருந்து சாப்பிடவில்லை.

"திரும்பிப் போவம். இந்த முறை குடுத்து முடிக்க ஏலாது" என்றார்.

அப்போது எம்ரிஸ் தன் கூட்டத்தோடு எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தார். எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள்.

"ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம்" என்றார் என்னைப் பார்த்து. "எங்கள் முறை வந்தபோது கடையில் மிச்சம் இருந்தது தக்காளி சாஸ் மட்டும்."

நான் அம்மாவின் காதில் சொன்னேன்.

"அம்மா, இவைக்குப் பசிக்குதாம்."

"விசர்க்கதை. பிளேன்ல இவ்வளவு தூரம் வந்தவை. அவையளே பசியில வாடினவை?"

"பசி எண்டால் பசிதானே அம்மா."

நான் ஒரு பொதியை எடுத்து எம்ரிஸிடம் காட்டினேன். அவர் உடனே பணப்பையை வெளியே எடுத்தார்.

"இல்லை, விற்பதற்கு இல்லை" என்றேன். "இது என் அப்பாவுக்காக. அவர் இறந்துவிட்டார். இன்று அவருடைய நாள். நீங்கள் சாப்பிட்டால் அவர் சாப்பிட்ட மாதிரி."

எம்ரிஸ் பணப்பையை உள்ளே வைத்தார். பொம்மைச் சிங்கத்தோடு தொப்பியைக் கழற்றினார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

"அப்பாவின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

நான் சொல்வதற்குள் அம்மாவே சொன்னார். "அருந்தவன்."

எம்ரிஸ் அந்தப் பெயரை மூன்று முறை சொல்லிப் பழகினார். மூன்றாவது முறை ஏறக்குறைய சரியாக வந்தது.

அம்மா எழுந்து நின்றார். என் மணிக்கட்டை விட்டார். இரண்டு கையாலும் பொதியை எடுத்து எம்ரிஸிடம் கொடுத்தார்.

என் மணிக்கட்டில் அம்மாவின் விரல் அடையாளம் நாலு கோடாகத் தெரிந்தது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர். நான் எங்கேயும் போகவில்லை. அம்மாவின் பக்கத்திலேயே நின்று, பையிலிருந்து ஒவ்வொரு பொதியாக எடுத்துக் கொடுத்தேன்.

பதின்மூன்று பேர் வரிசையாகப் படியில் உட்கார்ந்தார்கள். பையை மோப்பம் பிடித்த இங்கிலாந்துக்காரர் முதலில் இலையைக் கடித்தார்.

"அது பெட்டி மாதிரி. உள்ளே இருப்பதுதான் சாப்பாடு" என்றேன்.

"பெட்டியும் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் அவர்.

எம்ரிஸ் மோர்மிளகாயை முழுதாக வாயில் போட்டார். நான் தடுப்பதற்குள் மென்றுவிட்டார். அவருடைய முகம் சட்டையின் நிறத்துக்கு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

"அப்பாவும் இப்பிடித்தான்" என்றார் அம்மா. "ஒவ்வொரு முறையும் முழுசாப் போட்டிட்டு அழுவார்."

எனக்கு அது தெரியாது. அப்பாவைப் பற்றி நான் அன்று புதிதாகத் தெரிந்துகொண்ட விஷயம் அது.

பையில் ஒரு பொதி மிச்சம் இருந்தது.

"இன்னும் ஆருக்கு?" என்று அம்மா சுற்றிப் பார்த்தார்.

எம்ரிஸ் கழுத்தில் கட்டியிருந்த இரண்டாவது சட்டையைத் தொட்டார்.

"நாங்கள் பதினாலு பேராக வந்திருக்க வேண்டும்" என்றார். "இது க்ளினுடைய சட்டை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் இருவரும்தான் இங்கே வந்தோம். மறுபடியும் வருவதாகப் பேசிக்கொண்டோம். டிக்கெட்கூட வாங்கிவிட்டோம். போன குளிர்காலத்தில் அவன் போய்விட்டான். இன்று அவனுடைய இருக்கையில் இந்தச் சட்டையைத்தான் வைக்கப்போகிறோம்."

நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அம்மா அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைசிப் பொதியை எடுத்தார்.

"இது க்ளினுக்கெண்டு சொல்லு."

எம்ரிஸ் எழுந்து வாங்கினார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"உன் அம்மா இன்று சாப்பிட்டாரா?"

"இல்லை. எல்லாம் கொடுத்து முடிந்த பிறகுதான் சாப்பிடுவார்."

"முடிந்துவிட்டது அல்லவா? அப்படியென்றால் க்ளினுக்காக அவர் சாப்பிடட்டும். நான் அருந்தவனுக்காகச் சாப்பிட்டேனே."

அவர் அந்தப் பொதியை அம்மாவிடம் நீட்டினார். இரண்டு கையாலும்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அம்மா வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்து இலையைப் பிரித்தார்.

அவர் முதல் வாய் வைத்தபோது எம்ரிஸ் பாடத் தொடங்கினார். அவருடைய ஊர் மொழியில் மெதுவான ஒரு பாட்டு. மற்றப் பன்னிரண்டு பேரும் சேர்ந்தார்கள். படியில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்துத் தாங்களும் சேர்ந்தார்கள். வீதியைக் கடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று பாடினார்கள். பாட்டு எதிர்ப் பக்கச் சதுக்கத்துக்குப் போய், அங்கேயிருந்து இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. ஒரு ட்ராம் வந்து நின்றது. மணி அடிக்காமல் காத்திருந்தது. அதை ஓட்டியவர் சிவபாலன் அங்கிள்தானோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை.

அந்த வீதி முழுவதும் இருந்தவர்களில் பதின்மூன்று பேருக்குத்தான் யாருக்காகப் பாடுகிறோம் என்று தெரியும். மற்றவர்கள் எல்லோரும் தெரியாமலே என் அப்பாவுக்காகவும் பாடினார்கள்.

கூட்டத்தின் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற அம்மா, அன்று கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார்.

வீட்டுக்குப் போகிற ரயிலில் நாங்கள் இரண்டு பேர்தான். எதிரே வந்த ரயில்கள் எல்லாம் சிவப்பாக நிறைந்திருந்தன. அம்மா அந்தப் பாட்டை வாய்க்குள் முனகிப் பார்த்தார். ராகம் பாதியில் எங்கள் ஊர்த் தேவாரம் மாதிரி மாறிவிட்டது. நான் திருத்தவில்லை.

அடுத்த வருடத் திவசத்தன்று, குசினியில் அம்மா நனைத்து வைத்திருந்த இலைகளை நான் எண்ணினேன். பதினாறு.

"அம்மா, ஒண்டு கூடிப்போச்சு."

"கூடேல்லை" என்றார் அம்மா, சோற்றைக் கிளறியபடி. "அது க்ளினுக்கு."