நிற்காத கப்பல்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலைக் கட்டியதும் கிளாடிஸ் கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்து, கீழே கப்பலின் மேல்தளத்தில் புருஷன் பிளேவியனைத் தேடினாள். கண்டெய்னர்களின் பூட்டைக் கழற்றுவது அவன் வேலை; தூக்கி இறக்குவது அவள் வேலை. குடும்பம் நடத்த இதைவிட நல்ல இடம் அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"சாப்டியளா?" என்றாள் ரேடியோவில்.

"ஆச்சு. மூத்தவளுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"

"நீங்க போன மறுநாளே விட்டுட்டு. இப்ப பாட்டுப் போட்டிக்கு நிக்கா."

பெருந்தொற்றுக்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. கடலுக்குப் போனவன் பதினைந்து வருட ஒப்பந்தம் முடியும்வரை கரையில் கால் வைக்கக் கூடாது. பிளேவியனுக்கு இன்னும் பாதிகூட முடியவில்லை. நடுக்கடலில் தனிப்பேச்சுக்கும் தடை. அலைவரிசை முழுக்கக் கப்பலை ஓட்டும் இயந்திரமான தடத்தேர்விக்கே சொந்தமாம். ஆக, சரக்கு இறங்கும் நேரம்தான் அவர்களுடைய தாம்பத்தியம்.

அதையாவது இழுத்தடிக்கலாம் என்றால் தடத்தேர்வி விடாது. எந்தத் துறைமுகம் கப்பலைச் சீக்கிரம் விடுகிறதோ, அங்கேதான் அந்த இயந்திரம் கப்பலை அனுப்பும். ஒருமுறை கிளாடிஸ் ஆசைப்பட்டு மெதுவாக இறக்கினாள். கப்பல் கொழும்புக்குப் போய்விட்டது, திரும்பி வர ஒரு வருடம் பிடித்தது. அன்றிலிருந்து பம்பரமாகச் சுழன்றாள். அவன் வரவேண்டுமே என்று வேகம். அந்த வேகத்தாலேயே அவன் நிற்கும் நேரமும் குறைந்துகொண்டே வந்தது.

கடைசிப் பெட்டி அந்தரத்தில் இருந்தபோது தடத்தேர்வி அவள் கூண்டின் ஒலிபெருக்கியில் பேசியது.

"வாழ்த்துகள். வேகத்தில் உங்கள் துறைமுகமே முதலிடம். அடுத்த நடையிலிருந்து உங்களுக்கு ஓடுநிலை இறக்கம். கப்பல் கரைக்கு வராது. தானியங்கிப் படகுகள் நடுக்கடலிலேயே பெட்டிகளை வாங்கிக்கொள்ளும்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கிரேனை நிறுத்தினாள். மேல்தளத்துக்கு மேலே பெட்டி தொங்கும்வரை கப்பல் நகர முடியாது.

"என்னளா, சிக்கிட்டா?" என்றான் பிளேவியன் ரேடியோவில்.

"சிக்கல. இனிமே கப்பல் கரைக்கே வராதாம். படகு போய் வாங்கிக்கிடுமாம். நான் இத இறக்க மாட்டேன். பேசுங்க."

தாமதத்துக்கான அபராத மணி அலறத் தொடங்கியது. அவசரமாகவே பேசிப் பழகியவர்களுக்கு, நேரம் கிடைத்ததும் ஒரு வார்த்தை வரவில்லை.

பிளேவியன் வேலை நேரத்தில் ஒருபோதும் கழற்றாத தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தான். தலை வெள்ளை வெளேரென்றிருந்தது.

"எப்பங்க இவ்வளவு நரைச்சுது?"

"நாலஞ்சு வருசமாச்சுளா," என்றான்.